சங்கானையில் வண்டியை நிறுத்துங்கள்

யாழ்ப்பாணம் போகிற நம்மவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், நூலகத்துக்கு முன்னால் படம் எடுப்பார்கள், அப்புறம் கசூரினாவில் கால் நனைக்க வெளிக்கிடுவார்கள். மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகிறவர்கள் சங்கானையில் கொஞ்சம் நில்லுங்கள். கூரையில்லாத பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்று அங்கே நிற்கிறது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் ஊர்களைக் கோயில் பங்குகளாகப் பிரித்து எழுப்பிய கோயில்களில் அதுவும் ஒன்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்கத்தைத் தடை செய்து, இருந்த கோயில்களைத் தங்கள் சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய போதகர் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இந்தப் பக்கத்துக் கோயில்களின் படங்கள் இருக்கின்றன. போகுமுன் இணையத்தில் தேடிப் பாருங்கள்.

உச்சி வெயிலில் போகாதீர்கள். சூட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. நாலரை மணிக்குப் பிறகு வெயில் சரிந்து விழும்போதுதான் சுவர் முருகைக்கல் என்பது கண்ணுக்குத் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள், ஊசித்துளை மாதிரிப் பொட்டுப் பொட்டாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் கடலுக்குள் உயிர் இருந்த இடம். தொட்டுப் பார்க்கலாம், சுரண்டாதீர்கள்.

இடிபாடு இவ்வளவுதான். பூசை நடக்கிற கோயிலில் விஷயம் வேறு. அந்த ஒல்லாந்தர் தடைக் காலத்தில், கத்தோலிக்கக் குருவான யோசேவ்வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் வந்து மறைந்து பணி செய்த சில்லாலை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கேயோ உங்கள் சொந்த ஊரிலோ ஞாயிறு பூசைக்குப் போங்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். பூசை முடிந்ததும் காருக்கு ஓடாமல் முற்றத்தில் நில்லுங்கள். யாராவது ஒரு ஆச்சி, "ஆற்றை பிள்ளை?" என்று கேட்பா. கடவுச்சீட்டுப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அப்பப்பாவை ஊரில் கூப்பிட்ட பெயரைச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானப் பதிவு பார்க்க வேண்டுமென்றால் பங்குச் சுவாமியிடம் முதல்நாளே கேளுங்கள். தகப்பன் பெயரும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் கையில் இருக்கட்டும். இடப்பெயர்வுகளில் தொலைந்த கொப்பிகளும் உண்டு, மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். எனக்கு என் அப்பப்பாவின் பதிவு கிடைத்தது. ஞானத்தாய் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, அந்தப் பெயரைத் தேடினேன், வீட்டுக்கு வந்து மாமியிடம் கேட்டேன். "அப்படி ஒருத்தரும் எங்கட பக்கத்தில இல்லையே" என்றா.