விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட்: இன்ஸ்டால் செய்வதற்கு முந்தின நாள் வேலைகள்

விண்டோஸைப் போன்ற இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் இன்ஸ்டால் ஆகப் பெரும்பாலும் அரைமணி நேரம் போதும். அதற்கு முன் தயார் செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அப்புறம் இரவு பதினொரு மணிக்கு, "அண்ணா, நீலத் திரை வந்து ஏதோ நம்பர் கேட்குது" என்று போன் வருகிறது. அந்த முந்தின நாள் வேலைகளை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை செயலியாவது வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், ஒரு டிபி ஹார்டு டிஸ்க் என்று வீட்டில் கிடக்கும் மடிக்கணினிக்கு அந்த வழி கிடையாது. மிண்ட்டுக்கு 2 ஜிபி ராமே போதும் என்பது கணக்கு. நிம்மதியாக ஓட 4 ஜிபி வேண்டும். அந்த அளவுதான் இருக்கிறது என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். சின்னமன் என்ற இன்னொரு பதிப்பு பார்க்க அழகுதான், 8 ஜிபி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். மிண்ட்டின் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

விண்டோஸை அழிக்காமல், பக்கத்தில் இடம் ஒதுக்கி மிண்ட்டைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓட்டுபவர்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் நல்லது.

1. பேக்கப்

"எல்லாத்தையும் டி டிரைவுல போட்டுட்டேன்" என்பது பேக்கப் ஆகாது. சி, டி, இ மூன்றும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் மூன்று அறைகள். வீடே இடிந்தால் எந்த அறையில் வைத்திருந்தோம் என்பதில் என்ன இருக்கிறது? வெளியே, தனி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். எடுத்ததும் அதை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களையும் ஒரு பெரிய வீடியோவையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோருக்கும் நினைவிருக்கும். டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடப்பதும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும்தான் விட்டுப்போகும். வைஃபை பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சங்கக் கணக்குகள் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து அந்த எழுத்துருக்களை எடுத்துப் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள். மிண்ட்டில் அவற்றை இரட்டைச் சொடுக்கில் போட்டுக்கொள்ளலாம். தமிழ் தட்டச்சுக்கான என்எச்எம் ரைட்டர் அங்கே ஓடாது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும், கவலை வேண்டாம்.

2. டிஸ்க் பூட்டியிருக்கிறதா?

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் புது மடிக்கணினி. லினக்ஸுக்காக என்று அவசரப்பட்டு பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வந்து டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கான 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அக்கா பிட்லாக்கர் என்ற பெயரையே கேட்டதில்லை. தோண்டிப் பார்த்தால், விற்ற கடைக்காரர் தன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து விண்டோஸை அமைத்துக் கொடுத்திருக்கிறார். சாவி அவர் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி செக்யூர் பூட்டை இயக்கியதும் விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் திறந்துகொண்டது. எனக்குத்தான் அன்று தூக்கம் போனது. இதில் வேடிக்கை, மிண்ட்டும், இன்னொரு லினக்ஸான உபுண்டுவும் செக்யூர் பூட் இயங்கும்போதே நன்றாகப் போடக்கூடியவை. அதைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

ஆகவே, செட்டிங்ஸில் தேடும் இடத்தில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்றும் "பிட்லாக்கர்" என்றும் தேடுங்கள். ஆன் என்று இருந்தால், முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆஃப் செய்யுங்கள். டிஸ்க்கின் பூட்டை அவிழ்க்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். சார்ஜர் மாட்டி விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் விண்டோஸ் டிரைவுகளைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும், சில சமயம் திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று போங்கள். மேலே, இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்று என்ற பொருளில் ஒரு நீல வரி இருக்கும். அதைச் சொடுக்கினால்தான் கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் முன் உள்ள டிக் எடுக்க வரும். எடுத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

4. இடம் ஒதுக்குவது

முதலில் ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, "பயாஸ் மோட்" என்ற வரியில் யூஇஎஃப்ஐ (கணினி எழும் புதிய முறை) என்று இருக்கிறதா, லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட். எந்த டிரைவில் காலியிடம் அதிகமோ, அதில் ரைட் கிளிக், "ஷ்ரிங்க் வால்யூம்". எவ்வளவு என்று எம்பியில் கேட்கும். 50 ஜிபிக்கு 51200 என்று அடியுங்கள். குறைந்தது 20 ஜிபி போதும் என்பார்கள். ஆறு மாதத்தில் நெருக்கும். இடம் இருந்தால் 100 ஜிபி கொடுங்கள்.

வேலை முடிந்ததும் கறுப்புக் கோடு போட்ட ஒரு காலிக் கட்டம் தெரியும், "அன்அலகேட்டட்" என்று எழுதியிருக்கும். அதை அப்படியே விடுங்கள். பார்மட் செய்யாதீர்கள், சி, டி போல டிரைவ் எழுத்தும் கொடுக்காதீர்கள்.

லெகசி என்று வந்தவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் ஒரு டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பகுதி)தான் இருக்க முடியும். சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, ரெகவரி என்று நான்கும் ஏற்கெனவே பிரைமரியாக இருந்தால், எத்தனை ஜிபி காலியாக்கினாலும் அதில் ஐந்தாவதை உருவாக்க முடியாது. விண்டோஸில் வலுக்கட்டாயமாக உருவாக்கப் போனால், "டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?" என்று பணிவாகக் கேட்கும். எஸ் கொடுத்துவிடாதீர்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க் சிக்கலாகிவிடும், திரும்பி வருவதும் பெரும்பாடு. டி டிரைவில் இருப்பதை வெளியே எடுத்துவிட்டு அந்த டிரைவையே அழிப்பதுதான் எளிய வழி.

5. பென் டிரைவ்

8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும். மிண்ட் தளத்திலிருந்தே ஐஎஸ்ஓ கோப்பை (மிண்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி. நெட் நடுவில் விட்டு விட்டு வந்திருந்தால் கோப்பு பழுதாகியிருக்கலாம். செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் குறியைக் கணக்கிடச் சொல்லுங்கள். 64 எழுத்தில் ஒரு சரம் வரும்; தளத்தில் கொடுத்திருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும். பிறகு, ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுங்கள். குறித்து வைத்தது யூஇஎஃப்ஐ என்றால் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, லெகசி என்றால் எம்பிஆர். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

6. ஓட்டிப் பார்ப்பது

பென் டிரைவைச் செருகி ஆன் செய்யும்போது பூட் மெனு சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. வரும் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் அப்படியே அதிலிருந்து ஓடும், ஹார்டு டிஸ்க்கில் எதையும் மாற்றாது. ஒரு மணி நேரம் அதில் புழங்குங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர், டச்பேட், வெளிச்சம் கூட்டும் சாவி எல்லாம் வேலை செய்கிறதா? வைஃபை வரவில்லை என்றால் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டிரைவரை அதன் வழியாக இறக்கிக்கொள்ளலாம்.

மெனுவில் "டிஸ்க்ஸ்" என்பதைத் திறந்து உங்கள் ஹார்டு டிஸ்க்கும் அந்தக் காலிக் கட்டமும் தெரிகிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில், முக்கியமாகப் பதினோராம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தைய இன்டெல்லிலும், டிஸ்க்கே தெரியாது. பயாஸில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் அமைப்பு இயங்குவதுதான் காரணம். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகும். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பழக்கமில்லை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டெஸ்க்டாப்பில் "இன்ஸ்டால் லினக்ஸ் மிண்ட்" என்ற ஐகான் கண்ணைப் பறிக்கும். இன்றைக்கு அதைத் தொடவேண்டாம். ஷட்டவுன் செய்து, பென் டிரைவைப் பிடுங்கி, விண்டோஸ் பழையபடி எழுகிறதா என்று பாருங்கள். கடிகாரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் எதுவும் கெட்டுவிடவில்லை. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படிக்கும். டேட் அண்டு டைம் செட்டிங்ஸில் "சிங்க் நவ்" ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும்.