38 என்றால் எந்த 38? வூகாமர்ஸில் துணி அளவுகளை ஒழுங்குபடுத்தும் முறை

வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் இணையக் கடை நடத்த உதவும் செருகுநிரல்) நிறுவி, ஒரு பொருளையாவது ஏற்றிப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் குடும்பத் துணிக்கடையின் பட்டியலைக் கவனிப்பது நான்தான். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரங்களில் சரக்கு குவியும். அதற்குள் அளவுகள் ஒழுங்காகிவிட வேண்டும்.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

மொரிஷியஸ் கடைகளில் பல அளவுமுறைகள் கலந்து கிடக்கும். சென்னையிலிருந்து வரும் சுடிதாரில் 38 என்றால் பெரும்பாலும் மார்பளவு 38 அங்குலம், அதாவது 96.5 செ.மீ. பிரெஞ்சு அளவில் தைத்த கவுனில் 38 என்பது பிரிட்டன் கணக்கில் 10; அதன் மார்பளவு சுமார் 88 செ.மீ.தான். இரண்டையும் ‘சைஸ்’ என்ற ஒரே தலைப்பில் போட்டால், 38 தேடுபவருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். அதனால் முறைக்கு ஒரு தலைப்பு: மார்பளவு அங்குலம், பிரெஞ்சு அளவு, எழுத்து அளவு, பிள்ளைகள் வயது.

2. ஆட்ரிபியூட் உருவாக்குதல்

ஆட்ரிபியூட் என்றால் அளவு, நிறம் போன்ற பண்பு. மேலே பிரித்த ஒவ்வொரு தலைப்பையும் ஓர் ஆட்ரிபியூட்டாக, புராடக்ட்ஸ் மெனுவில் உள்ள ஆட்ரிபியூட்ஸ் பக்கத்தில் உருவாக்குங்கள். பொருளுக்குள்ளேயே தட்டச்சு செய்தால், ஒன்றில் ‘எக்ஸ்எல்’, இன்னொன்றில் ‘எக்ஸ் எல்’ என்று சிதறிவிடும். எழுத்து அளவுக்கு வரிசை ‘கஸ்டம் ஆர்டரிங்’ ஆக இருக்கட்டும்; பெயர்வரிசை வைத்தால் எல், எம், எஸ் என்று தலைகீழாக நிற்கும்.

3. வேரியேஷன்கள்

வேரியேஷன் என்றால் ஒரே பொருளின் ஒவ்வொரு நிறம்-அளவு வடிவம். பொருளின் வகையை ‘வேரியபிள் புராடக்ட்’ ஆக்கி, ஆட்ரிபியூட்டைச் சேர்த்து, ‘யூஸ்ட் ஃபார் வேரியேஷன்ஸ்’ பெட்டியில் டிக் போடுங்கள். பிறகு ‘ஜெனரேட் வேரியேஷன்ஸ்’. கடையில் இல்லாத நிறம்-அளவு சேர்க்கைகளை உடனே நீக்கிவிடுங்கள். விலை போடாத வேரியேஷன் வாங்குபவர் கண்ணில் படாது. மொத்தமாக விலை போட பல்க் ஆக்‌ஷன் இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் தனி இருப்பு வேண்டுமானால், ‘மேனேஜ் ஸ்டாக்’ டிக் அந்தந்த வேரியேஷனுக்குள் இருக்க வேண்டும். தாய்ப் பொருளில் மட்டும் போட்டால் எல்லா அளவும் ஒரே இருப்பிலிருந்து குறையும்.

எஸ்கேயு எண்ணை (ஒவ்வொரு பொருளுக்கும் கடை கொடுக்கும் தனிக் குறியீடு) ஓர் எழுத்தில் தொடங்குங்கள். காரணம் அடுத்த படியில்.

4. சிஎஸ்வி கோப்பு: இங்கே நிதானம் தேவை

நூற்றுக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்த முடியாது. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எக்ஸ்போர்ட் செய்துதான் ஆக வேண்டும். அதை எக்செலில் நேரடியாகத் திறந்தால், பிள்ளைகளின் ‘10-12’ என்ற அளவைத் தேதியாக எடுத்துக்கொண்டு கணினியின் அமைப்பைப் பொறுத்து ‘10 டிசம்பர்’ என்றோ ‘12 அக்டோபர்’ என்றோ மாற்றிவிடும். ‘007’ என்ற எஸ்கேயு வெறும் 7 ஆகும். அப்படியே சேமித்துவிட்டால் பழையது திரும்பாது. ஒரு மொத்த வியாபாரி அனுப்பிய கோப்பில் பிள்ளைத் துணிகள் அத்தனையும் தேதிகளாக வந்து, எது எந்த வயதுக்கு என்று மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கை போவது லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருளுக்குத்தான். கோப்பைத் திறக்கும்போதே அது ஒரு பெட்டியைக் காட்டும். எழுத்துக்குறி முறையில் யுடிஎஃப்-8 (இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் சிதையும்) என்றும், அளவு, எஸ்கேயு ஆகிய நெடுவரிசைகளுக்கு ‘டெக்ஸ்ட்’ என்றும் தேர்ந்தெடுங்கள். ‘டிடெக்ட் ஸ்பெஷல் நம்பர்ஸ்’ டிக் இல்லாமல் இருக்கட்டும். அளவின் பெயரையே ‘10-12 வயது’ என்று வைத்துவிட்டால் எந்த மென்பொருளும் அதைத் தேதியாக்காது. இதுதான் உறுதியான வழி.

திரும்ப ஏற்றும்போது, இருக்கும் பொருள்களைப் புதுப்பிக்கும் டிக்கைப் போடுங்கள். ஐடி அல்லது எஸ்கேயு பொருந்தும் வரிகள் மட்டும் மாறும். முதலில் ஐந்தாறு வரிகளை மட்டும் ஏற்றிச் சோதித்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை

இன்னொரு இணையக் கடை மென்பொருளான ஷாப்பிஃபையில் எப்படி என்று கேட்டிருந்தார்கள். அங்கே ஒரு பொருளுக்கு மூன்று ஆப்ஷன்கள்தான் (ஆட்ரிபியூட் போன்றவை). வேரியன்ட் (இங்கே வேரியேஷன்) உச்சவரம்பு நெடுங்காலம் 100 ஆக இருந்து, 2025-இல் 2,048 ஆக உயர்ந்தது. அளவுமுறைகளைப் பிரிப்பது அங்கும் அவசியம்.

சேலைக்கு என்ன செய்வது என்று கத்ர் போர்னிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். சேலைக்கு ‘சிம்பிள் புராடக்ட்’ (வேரியேஷன் இல்லாத வகை) போதும், அக்கா. தைத்த ரவிக்கையைத் தனிப் பொருளாக ஏற்றி, அதற்கு மட்டும் மார்பளவு அங்குலம் கொடுங்கள்.