‘வீட்டில் ஆள் இல்லை’ என்று ஏன் வருகிறது?

பார்சல் வரும் நாளில் குளிக்கப் போகக்கூடப் பயமாக இருக்கும். காலையிலிருந்து கூடத்திலேயே உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: ‘டெலிவரி செய்ய முயன்றோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.’ வாசல் மணி அடிக்கவில்லை, போனும் வரவில்லை. பிறகு எப்படி இல்லாமல் போனோம்?

சில நாள் அது அப்பட்டமான பொய்தான். அன்றைக்குக் கொடுத்த மூட்டை முடியாவிட்டால், மிச்சத்தை அப்படிக் குறித்துவிட்டு வண்டி ஹப்புக்கு, அதாவது பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் எல்லா நாளும் டெலிவரி ஆட்கள் மேலேயே பழி போட முடியாது. என் மிக்ஸி ஜார் இரண்டு முறை திரும்பிப் போனதற்கு நானே காரணம்.

எங்கள் பகுதியில் பிள்ளையார் கோயில் தெரு ஒன்றல்ல, மூன்று. மெயின், முதல் குறுக்கு, இரண்டாம் குறுக்கு. நான் வெறுமனே ‘பிள்ளையார் கோயில் தெரு, மாவு மில் அருகில்’ என்று எழுதியிருந்தேன். மில்லை மூடி நான்கு வருடம் ஆகிறது, இப்போது அங்கே செல்போன் கடை. எங்கள் வாயில் மட்டும் அது இன்னும் மாவு மில். மூன்றாவது நாள் வந்த தம்பி டீக்கடையில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார். “அண்ணா, மில்லு எங்கண்ணா இருக்கு?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

முகவரியை நமக்காக எழுதிக்கொள்வதுதான் முதல் தவறு. அது வழி தெரியாதவருக்கான குறிப்பு. அடையாளம் சொன்னால் ரோட்டில் வண்டியை நிறுத்தினாலே கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்லுங்கள்: தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம். சென்னையில் இன்னொரு தலைவலி கதவு எண். பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் இருப்பதால் உங்கள் பழைய 27 அதே தெருவில் முனை வீட்டின் புதிய 27 ஆக இருக்கலாம். இரண்டையும் எழுதி, எது பழையது எது புதியது என்றும் குறிப்பிடுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் பிளாக்கையும் மாடியையும் விடாதீர்கள்.

பின்கோடும் அப்படித்தான். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்து கடிதங்கள் தடுமாறியதால்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்கக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். கடைசி மூன்று எண்கள் தபால் நிலையத்தைக் காட்டும். மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017. பார்சல் எந்த ஹப்புக்குப் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இந்த எண்தான் முடிவு செய்கிறது. ஓர் இலக்கம் பிசகினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பொருள் வேறு பேட்டையைச் சுற்றிவிட்டு வரும்.

ஆபீஸில் இருந்தபடி ஆர்டர் போடும்போது மேப்பில் உள்ள புள்ளி ஆபீஸ் மேலேயே நிற்கும், அதை விரலால் நகர்த்தி வீட்டு வாசலில் வையுங்கள். வீடு மாறியவர்கள் பழைய முகவரியை ஆப்பிலிருந்து அழித்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டுக்கு முன்பு குடியிருந்தவரின் செருப்பு இன்னமும் எங்களுக்குத்தான் வருகிறது.

தெரியாத எண் என்று போனை எடுக்காமல் விடுவதும் வழக்கமான தவறு. டெலிவரி ஆட்களின் அழைப்பு பல நேரம் நிறுவனத்தின் எண் வழியாக வரும். தவறவிட்டுவிட்டுத் திருப்பி அடித்தால் அவருக்குப் போகும் என்று நிச்சயமில்லை. பார்சல் ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று காட்டும் நாளில் மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. “சார், ரெண்டு தெரு தள்ளி இருக்கேன், ஓடிபி சொல்லிடுங்க, வந்து குடுத்துடறேன்.” சொல்லிவிடாதீர்கள். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. சொன்ன கணமே பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு முடிந்துவிடும், பிறகு வரவில்லை என்று வாதாடுவது பெரும்பாடு. பெட்டி கைக்கு வந்து, பெயரைப் பார்த்த பிறகு சொன்னால் போதும். கூரியர் என்று சொல்லிக்கொண்டு நட்சத்திரம் 401 நட்சத்திரம் என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொன்னால் உடனே போனை வையுங்கள். அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். ‘முகவரி சரியில்லை, சிறு கட்டணம் கட்டுங்கள்’ என்று இணைப்போடு வரும் செய்தியும் அதே ரகம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது இன்னொன்று நடக்கும். யாரும் ஆர்டர் செய்யாத பெட்டி, கேஷ் ஆன் டெலிவரி, ஐந்நூறு ரூபாய். ‘பையன் போட்டிருப்பான்’ என்று அம்மா அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். எது வருகிறது, பணம் தர வேண்டுமா என்று காலையிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சட்டம் கேட்கவில்லைதான், ஆனால் தகராறு வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். லேபிள், ஒட்டிய டேப், ஆறு பக்கமும் தெரிய நிறுத்தாமல் எடுங்கள். கிழிந்து நைந்து வந்தால் வாங்காமலே திருப்பி அனுப்பலாம். அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடும் முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள், உங்கள் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பொருள் வராத கோபத்தை வாசலில் நிற்கும் தம்பிமேல் காட்டிப் பயனில்லை. பல இடங்களில் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் அவருக்குக் கூலி, பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. பொய்யாக ‘ஆள் இல்லை’ என்று வந்தால், அழைப்பு எதுவும் வராததைக் காட்டும் போனின் அழைப்புப் பட்டியலைப் படம்பிடித்து அன்றே புகார் செய்யுங்கள். நாளை வரும் என்று விட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு பார்சல் விற்றவருக்கே திரும்பிவிடும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணமும் கிடையாது.