படிகத்தைச் சூடாக்கி நியூட்ரான்: வீட்டு மேசையில் செய்யக்கூடிய முதல் பாதி

2005-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நரன்ஹோ, கிம்செவ்ஸ்கி, பட்டர்மேன் ஆகிய மூவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு லித்தியம் டான்டலேட் படிகத்தைச் சூடாக்கி அணுக்கரு இணைவை நடத்திக் காட்டினார்கள். சில வகைப் படிகங்களின் வெப்பநிலை மாறும்போது இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் சேரும். இணைவுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் அதிலிருந்தே வந்தது. அந்த மின்னூட்டத்தைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உங்கள் வீட்டு மேசையிலேயே பார்க்கலாம்.

வேண்டியது அத்தகைய படிகமான டூர்மலின் கல். 2 அல்லது 3 செ.மீ. நீளம், நீளவாக்கில் கோடு ஓடும் இயற்கையான குச்சி, விரிசல் கூடாது. நமீபியாவிலிருந்து வரும் கறுப்பு டூர்மலினில் இரும்பு அதிகம். மின்னூட்டம் மந்தமாக இருக்கும். பச்சையோ இளஞ்சிவப்போ வாங்குங்கள். பட்டை தீட்டிய மோதிரக் கல்லில் எந்தப் பக்கம் முனை என்றே தெரியாது. கூடவே அலுமினியத் தாள், கண்ணாடித் தட்டு, ஒரு சிட்டிகை விபூதி.

முதலில் கல்லை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசை போதும், மின்னூட்டம் பக்கவாட்டில் கசிந்துவிடும். பிறகு இரு முனைகளையும் சேர்த்து அலுமினியத் தாளில் சுற்றி, குளிர்ந்த ஓவனுக்குள் வைத்து, அரை மணி நேரத்தில் 120 டிகிரிக்கு ஏற்றுங்கள். அவசரப்பட்டால் கல் வெடிக்கும். சூடேறும்போது வரும் மின்னூட்டத்தைத் தாளே சமன் செய்துவிடுவதால் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். விபூதியையும் அதே ஓவனில் காயவையுங்கள்.

கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, தாளைப் பிரித்து, சிலிகோன் நுனி இடுக்கியால் கல்லின் நடுவில் மட்டும் பிடியுங்கள். இரு முனையையும் ஒருசேரத் தொடும் இரும்பு இடுக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டு நிமிடம் ஆறியதும் ஒரு முனையைத் தட்டில் தூவிய விபூதிக்கு மேல் ஒரு செ.மீ. உயரத்தில் காட்டுங்கள். துகள்கள் எழும்பி ஒட்டும். முனையின் மின்னூட்டத்தைத் தாமும் வாங்கிக்கொண்ட சில உடனே தெறித்து விழும். மறுமுனையும் இழுக்கும். நடுப்பகுதி சும்மா இருக்கும்.

ஒன்றுமே நகரவில்லையா? பெரும்பாலும் ஈரம்தான். டர்பன் கோடையில் இது கைகூடுவது கடினம். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் காய்ந்த நாளாகப் பாருங்கள், இல்லையேல் ஏசி அறையில் செய்யுங்கள். ஃப்ரீஸரில் குளிரவைத்துச் சூடேற்றலாமே என்று தோன்றும். வெளியே எடுத்த கணமே கல் வியர்த்துவிடும்.

ஆய்வகம் வேறுபடுவது இங்கேதான். டூர்மலின் ஒரு டிகிரி மாற்றத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 மைக்ரோகூலும் (மின்னூட்ட அலகு) தரும். லித்தியம் டான்டலேட் ஏறத்தாழ 180. அவ்வளவையும் சாதாரணக் காற்று தாங்காது, பொறி பறந்து தீர்ந்துவிடும். ஆகவே காற்றை நீக்கிய கலத்தில் மிகக் குறைந்த அழுத்த டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) வாயுவை மட்டும் விட்டு, படிகத்தை மைனஸ் 34 டிகிரியிலிருந்து மேலேற்றினார்கள். படிகத்தின் மேல் பொருத்திய டங்ஸ்டன் ஊசியின் நுனியில் மின்புலம் குவிந்து வாயுவை அயனியாக்கியது. அந்த அயனிகள் டியூட்டீரியம் அடங்கிய எர்பியம் டியூட்டரைடு இலக்கில் பாய்ந்தன. இரு டியூட்டீரியம் அணுக்கருக்கள் இணையும்போது ஏறக்குறையப் பாதித் தடவை ஹீலியம்-3-உம் 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானும் பிறக்கும். வெளிவரும் ஆற்றல் செலவழித்ததைவிட மிகமிகக் குறைவு. மின்சாரம் எடுக்கும் கனவு வேண்டாம்.

இந்த இரண்டாம் பாதியை வீட்டில் தொடாதீர்கள். நியூட்ரான் மட்டுமல்ல, அதே உயர் மின்னழுத்தம் எக்ஸ் கதிரையும் கிளப்பும். உரிமமும் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியும் உள்ள ஆய்வகத்தில்தான் அதற்கு இடம்.