தீவு பாட்லக்: கடைசிப் படகிலிருந்து தொடங்குங்கள்

ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோய் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதுதான் பாட்லக். அதற்காக ஒரு தீவுக்கு முதல்முறை போனபோது நாங்கள் 9 பேர். 6 கிலோ தர்பூசணி ஒன்று கொண்டுபோயிருந்தோம், கத்தி ஒருவரிடமும் இல்லை. பாறையில் மோதி உடைத்தோம். அன்று தின்றதில் பாதி பழம், பாதி மணல். வீட்டில் நடக்கும் பாட்லக் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கத்தி வாங்கிவிடலாம். தீவில் மறந்தது மறந்ததுதான். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போய்வந்துவிட்டேன். இப்போதெல்லாம் என்ன சமைப்பது என்பதைவிட எப்படித் தூக்கிப் போவது, எப்போது திரும்புவது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கடைசிப் படகு 5.30க்கு என்றால் அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு முந்தைய 4 மணிப் படகுதான் என் படகு. கடைசிப் படகுக்குக் கூட்டம் சேரும், ஆள் கணக்கு நிரம்பிவிட்டால் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. 4 மணியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வாருங்கள். காலையில் 25 நிமிடம் நடந்த தூரம் மாலையில் 40 நிமிடம் ஆகும், சாப்பிட்ட கால் அப்படித்தான். ஆக 3 மணிக்கு மூட்டை கட்டத் தொடங்க வேண்டும், 12.30க்குச் சாப்பாடு. இவ்வளவு போதும், நடுவில் யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அட்டவணையைப் பார்க்கும்போது அது எந்தக் கிழமைக்கானது என்றும் பாருங்கள். தீவில் இறங்கும்போது படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிற்பகலில் காற்று எழும்புமா என்பது பலகையில் எழுதியிருக்காது, அவருக்குத் தெரியும்.

சில தீவுகளுக்குப் படகே வேண்டாம், கடல் வற்றும்போது நடந்தே போகலாம். அங்கே இன்னும் கவனம் வேண்டும். போன வாரம் போனவர் சொன்ன நேரம் இந்த வாரம் செல்லாது. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி வற்றும் கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். தண்ணீர் ஒரே சீராக ஏறாது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். ஏறும் 6 மணி நேரத்தில் முதல் மணியில் கொஞ்சம்தான் ஏறும், நடுவிலுள்ள 2 மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடும். ‘கணுக்கால் தண்ணீர்தானே, இன்னும் அரை மணி உட்காரலாம்’ என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

சரி, சாப்பாடு. ‘ஆளுக்கு ஏதாவது கொண்டுவாருங்கள்’ என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை 7 பேரில் 5 பேர் இனிப்போடு வந்து நின்றோம். நானும் அந்த 5 பேரில் ஒருத்திதான். இப்போது குழுவில் நான்கு தலைப்பு போட்டுவிடுகிறேன்: வயிறு நிறைய ஒன்று, காய்கறியில் ஒன்று, பழம், கொறிக்க. பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். அளவு இன்னொரு சிக்கல். 9 பேரும் 9 பேருக்குச் சமைத்தால் 81 பங்கு வரும், பாதி திரும்பி வரும், வெயிலில் கிடந்ததை வீட்டில் வைத்தும் சாப்பிட முடியாது. ஒவ்வொருவரும் 4 பேருக்குச் செய்தால் 36 பங்கு, ஆளுக்கு நாலு விதம். அதுவே மிச்சமாகும்.

என்ன செய்வது என்பதற்கு என் அளவுகோல் எளிது. ஆறினாலும் ருசிக்க வேண்டும், அங்கே போய் நறுக்கவோ சூடாக்கவோ கூடாது, டப்பா சாய்ந்தால் ஒழுகக் கூடாது. கிளம்பும் முன் டப்பாவை மூடி, பாத்திரம் கழுவும் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்து 10 எண்ணுவேன். விளிம்பில் ஒரு சொட்டு கோத்து நின்றாலும் வேறு டப்பா. படகு ஒரு ஆட்டம் ஆடினால் அந்தச் சொட்டு பக்கத்திலிருப்பவர் மடியில் ஒரு கரண்டி ஆகிவிடும்.

மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். நிலக்கடலை, பால், முட்டை, எள் இருந்தால் கட்டாயம். ஒவ்வாமை உள்ளவருக்கு வீட்டில் என்றால் ஆஸ்பத்திரி பத்து நிமிடம், தீவில் முதலில் படகு வர வேண்டும். அவசர மருந்து வைத்திருப்பவர் அதைப் பொதுப் பையில் போடாமல் தன் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

சூடு பற்றி நான் கொஞ்சம் கறார். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம். பயண நேரமும் இதில் சேர்த்தி. சோறு கொண்டுபோகிறவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெந்த சோற்றிலும் சில கிருமியின் வித்துகள் பிழைத்திருக்கும், வெதுவெதுப்பில் கிடந்தால் நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்ததும் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, குளிரக் குளிர எடுத்துக்கொண்டு போங்கள்.

ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று குடிக்க இருப்பதற்கு. குடிக்கிற பெட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் திறப்பார், சாப்பாட்டுப் பெட்டி 12.30 வரை மூடியே இருக்கட்டும். தனியாக ஐஸ் வாங்க வேண்டியதில்லை. முந்தின நாளே தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் போலப் பெருக்கும், அதனால் கழுத்துக்குக் கீழே நாலு விரல் விட்டு நிரப்புங்கள். நான் முதல்முறை நிரம்ப நிரம்ப ஊற்றி வைத்தேன், காலையில் ஃபிரீஸரில் வயிறு வெடித்த பாட்டில் கிடந்தது. குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் உறைந்த பாட்டில் டப்பாக்களின் மேலே இருக்க வேண்டும். காலி இடத்தைத் துண்டால் அடைத்துவிடுங்கள். பெட்டி குளிரைக் காக்குமே தவிர, சூடானதைக் குளிர்விக்க அதை நம்பக் கூடாது. மாலைக்குள் பாட்டில் உருகிக் குடிநீராகிவிடும்.

இன்னொன்று, முழுத் தர்பூசணிக்கு ஐஸ் வேண்டாம், நறுக்கினால்தான் வேண்டும். அதனால் முழுசாகவே எடுத்துப்போங்கள். கத்தியோடு.

தண்ணீரை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 9 பேருக்கு 18 கிலோ. அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில்.

படகில் வயிற்றைப் புரட்டும் என்று தெரிந்தவர் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு அவ்வளவாகப் பயனில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், மடியில் வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள்.

கிராமத்துத் தீவு என்றால் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், அது நமக்காகப் போட்ட பூங்கா இல்லை. உட்காரும் இடம் யாருடையது என்று கேட்டு உட்காருங்கள். வயல் வழியில் கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். ஆடு மாடு வைத்திருப்பவர் காரணத்தோடுதான் அப்படி வைத்திருப்பார். பல தீவுகளில் நல்ல தண்ணீர் கஷ்டப்பட்டுக் கிடைப்பது, அதில் நம் தட்டைக் கழுவ வேண்டாம். எண்ணெய்த் தட்டுகளை ஒரு பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவருகிறோம். குப்பையும் அப்படியே, அதற்காகக் காலிப் பை நாலைந்து எடுத்துப்போங்கள். தீவில் யாராவது நம்மை அழைத்திருந்தால் ‘அங்கே என்ன கிடைக்காது?’ என்று முன்பே கேளுங்கள். ஒரு தடவை அப்படிக் கேட்டபோது பேட்டரியும் எலுமிச்சம்பழமும் வேண்டும் என்றார்கள். எங்கள் சாப்பாடு எதற்கும் அவ்வளவு வரவேற்பு இருக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு எதையும் திட்டமிடாதீர்கள். விளையாட்டு, பரிசு, ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி, இதில் எங்கள் குழு இரண்டுபட்டிருக்கிறது. ஒருவர் நிழலில் தூங்குவார், இரண்டு பேர் கரையோரம் நடப்பார்கள், யாராவது மிச்சம் மீதியைக் கொறித்துக்கொண்டே பழைய கதையை எடுப்பார்கள்.

3 மணி ஆனதும் டப்பாக்களை எண்ணுங்கள். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அடியில் பெயர் எழுதியிருந்தால் நல்லது, மூடி எப்படியும் மாறிப்போகும். என் அலமாரியில் பச்சை மூடி ஒன்று இரண்டு வருடமாக இருக்கிறது. யாருடையது என்று ஒவ்வொரு தடவையும் படகில் கேட்கிறேன், ஒருவரும் கை தூக்குவதில்லை.