கத்திரி வெயிலில் எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பது

லீவு விட்டதும் ஆசையாக நாலைந்து புத்தகங்களை வாங்கி அடுக்கிவிட்டு, மே மாதம் முடியும்போது முதல் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்திலேயே நிற்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து வருத்தப்பட வேண்டாம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரியில், சோறு சாப்பிட்ட கையோடு அறுநூறு பக்க நாவலைப் பிரித்தால் யாருக்கும் கண் சொருகத்தான் செய்யும். புதுச்சேரியில் கோடைக்காலத்தில் படிக்க வேண்டுமானால் முதலில் நேரத்தைப் பாருங்கள், அப்புறம் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கனமான புத்தகங்களுக்கு விடியற்காலைதான் சரி. பீச் ரோட்டில் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள், அதனால் ஹாரன் தொல்லை இல்லை. ஆனால் நமக்குக் கடல் கிழக்கே இருப்பதால் ஆறு மணிக்கெல்லாம் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், உங்கள் நிழலே பக்கத்தின் மேல் விழுந்து கூச்சம் குறையும். சாயங்காலம் நேர்மாறு. ஐந்து மணிக்கு மேல் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும், கடலைப் பார்த்தே உட்காரலாம், காற்று பக்கத்தைப் புரட்டுவதுதான் ஒரே இடைஞ்சல், அதற்குத் துணி காயப்போடும் கிளிப் இரண்டு பையில் இருந்தால் போதும்.

மதியத்துக்குச் சிறுகதை, பயணக் கட்டுரை, துப்பறியும் கதை என்று ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். தரை காய்ந்த பிறகு கடலிலிருந்து காற்று உள்ளே வரும், அப்போது கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து அதன் அடியில் பாய் விரித்துக்கொண்டால் ஃபேன்கூட வேண்டாம். மேற்கேயிருந்து மேல்காற்று பலமாக வீசுகிற நாளில் கடற்காற்று வரத் தாமதமாகும், அன்றைக்கு அனல்தான். பேசாமல் தூங்குங்கள், புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. இரவல் வாங்கிய புத்தகமாக இருந்தால் பிரவுன் பேப்பர் அட்டை கட்டாயம், வியர்வைக் கை பட்டால் அட்டையில் சாயம் போகும்.

வாங்கக் காசு இல்லையென்றால் பாரதி பூங்கா பக்கத்தில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, 1827-இல் தொடங்கியது. அங்கே அலமாரியிலிருந்து உருவிய கையோடு எடுத்து வந்துவிடாதீர்கள், நடுவில் எங்கேயாவது பிரித்து பத்து நிமிடம் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் நன்றாகத்தான் எழுதுவார்கள்.

எனக்குப் பிடித்தது காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைத் துழாவுவது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாராவாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள் பாருங்கள், அது கிடைத்தால் விடவே விடாதீர்கள்! கதையோடு அந்தக் காலத்துப் படங்கள், பக்கத்து ஜோக்கு, தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் வரும். அச்சுப் புத்தகத்தில் இந்தச் சுகம் கிடையாது. வாங்கும்முன் 'தொடரும்' என்று முடிகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் அடுத்த வாரம் இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியில் வைக்காமல், பேப்பரை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஒளிந்திருக்கும் என்பதால், நிழலில் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டி, முதுகுப் பக்கத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

ஊரை ஒட்டியே படிக்க ஆசை என்றால், பிரெஞ்சுக் கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது, 1736 முதல் 1761 வரை எழுதியது. பழைய தமிழ் நடை, வேகமாகப் போகாது, அதனால் ஒருநாளைக்கு நாலு பக்கம் போதும்; படித்துவிட்டு ரங்கப்பிள்ளை வீதியில் நடந்தால் அவர் வாழ்ந்த வீட்டையே பார்க்கலாம். கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1934-இல் ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். இரண்டு பேருமே மதியத்துக்கு ஏற்ற சிறுகதைகளை அள்ளித் தந்தவர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படித்து முடித்ததும் "என்ன கருத்து, சொல்லு" என்று கேள்வி கேட்காதீர்கள், அந்த நிமிடமே அது பள்ளிக்கூடப் பாடமாகிவிடும். காமிக்ஸ் என்றால் காமிக்ஸ், பேய்க்கதை என்றால் பேய்க்கதை, ஒரே புத்தகத்தை நாலாவது தடவை படித்தாலும் விட்டுவிடுங்கள். கண் மங்கின ஆயா வீட்டில் இருந்தால் கரண்ட் போன ராத்திரியில் மாடியில் டார்ச் வெளிச்சத்தில் ஆளுக்கொரு பக்கமாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தடுமாறுகிற இடத்தில் ஆயா திருத்துவார், பிடிக்காத பாத்திரத்தைத் திட்டவும் திட்டுவார், மறுநாள் யாரும் கூப்பிடாமலே எல்லாரும் பாயோடு மாடிக்கு வந்துவிடுவார்கள்.