ஓய்வுக்காலத் தூண்டிலும் சில்லறைப் பாகங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணிக்கொடை கைக்கு வந்த மாதத்தில் தூண்டில் கடைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். முதலில் ராடு எனும் தூண்டில் கோல், அடுத்து நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல், அதன் பிறகு நரம்பு எனும் தூண்டில் இழை. சுவிவல் (இரு முனைகளும் தனித்தனியே சுழலும் இணைப்பு), ஸ்னாப் (இரையை மாட்டிக் கழற்றும் கொக்கி), முள், ஈயக்குண்டு ஆகியவற்றைக் கடைசியில், மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் வாங்கிக்கொள்வதைப் போல, ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். தண்ணீரில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ராடு ஒடிந்து மீன் தப்பியதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய் ஸ்னாப் விரிந்தும், நரம்பு நுழைந்து போகும் ராடின் நுனி வளையம் வெடித்தும், முடிச்சு நழுவியும் போன மீன்களுக்குக் கணக்கே இல்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓய்வு வயது 60 என்பதால், அப்போதுதான் ரீலைக் கையில் எடுக்கிற பலருக்கு வெள்ளெழுத்தும் தோள்வலியும் சர்க்கரை மாத்திரையும் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். ஆகவே பாகங்களில் நேரும் தவறுகளையும் இந்த வயதில் நேரும் தவறுகளையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை, சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் ஒரு கொடுவா மாட்டியது. ஐந்து நிமிடம் நன்றாக இழுத்துக்கொண்டிருந்த நரம்பு, எதிலும் உரசாமல், நடுத் தண்ணீரில் அறுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ராடின் நுனி வளையத்துக்குள் பதித்திருந்த பீங்கான் வளையத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டது என்பதே சரி. அந்த வெடிப்பை உண்டாக்கியவன் நானேதான். ஒவ்வொரு முறையும் நரம்பை முழுவதும் சுற்றி, சுவிவல் நுனியில் ‘டக்’கென்று முட்டும் வரை ரீலைத் திருப்புவது என் வழக்கமாக இருந்தது. அலுமினியம் ஆக்சைடு ஆனாலும், விலை கூடிய சிலிக்கான் கார்பைடு ஆனாலும், இந்த வளையங்கள் மிகக் கடினமானவை; நரம்பு உரசித் தேயாது, உரசலில் பிறக்கும் சூடும் தங்காது. ஆனால் கடினமான பொருளுக்கு அடி தாங்கும் குணம் குறைவு. பித்தளைச் சுவிவல் முட்டுவதும், காரின் கதவிடுக்கில் நுனி மாட்டிக்கொள்வதும், பேருந்தின் மேல்தட்டில் ராடு உருண்டு விழுவதும் அதை வெடிக்கவைக்கப் போதும். வெடித்த விளிம்பு, மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பைச் சவரக்கத்தியைப் போல அறுக்கும்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்புவது அடுத்த தவறு. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பழுது இருக்கிறது. மாதம் ஒரு முறை செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. நுனி வளையம் பழுதானால் ராடையே மாற்றச் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். அந்த அளவுக்கான நுனி வளையம் தனியாகக் கிடைக்கும். துப்பாக்கி வடிவக் கருவியில் உருகி வரும் சூட்டுப் பசையைக் கொண்டு வீட்டிலேயே ஒட்டிவிடலாம், மற்ற வளையங்களோடு அது நேர்கோட்டில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எபாக்சிப் பசை போட்டு ஒட்டுகிறவர்கள், அடுத்த முறை அதைக் கழற்ற அதிகச் சூடு காட்டி, கார்பன் நுனியையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

சுவிவலைப் பற்றி நிலவும் நம்பிக்கைகள் இன்னும் வேடிக்கையானவை. சுவிவல் இருந்தால் நரம்பு முறுக்கிக்கொள்ளாது என்று பலரும் எண்ணுகிறார்கள். மலிவான பீப்பாய் வடிவச் சுவிவல் கையில் திருகும்போது அழகாகச் சுழலும். இழுவிசை ஏறியதும் உள்ளே உலோகம் உலோகத்தை அழுத்திக்கொண்டு நின்றுவிடும். சுழலும் ஸ்பூன் வகை உலோகப் போலி இரைகளுக்குப் பால்பேரிங் வைத்த சுவிவலை வாங்குவதே சரி. மண்புழுவும் தக்கையும் போட்டு உட்காருகிறவருக்கு அது வீண் செலவு. அதைவிட முக்கியமாக, முறுக்கின் பெரும்பகுதி ரீலிலேயே பிறக்கிறது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது, டிராக் (இழுவிசை மிஞ்சினால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) நழுவிக்கொண்டிருக்க, பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுகிறோம். ஐந்துக்கு ஒன்று என்ற பல்சக்கர விகிதம் உள்ள ரீலில் அப்படிச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஐந்து முறுக்குகளை ஏற்றுகிறது. மீன் ஓடும்போது கை சும்மா இருக்க வேண்டும். நாற்பது ஆண்டு வேலை பார்த்த கைக்கு இது எளிதில் பழகுவதில்லை.

ஸ்னாப் விஷயத்தில் ஊக்கு வடிவிலான மெல்லிய கம்பி வகையைத் தவிர்ப்பது நல்லது. கொடுவா தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அந்த உதறலில் ஊக்கு விரிந்துவிடும். கொடுவாவின் செவுள் மூடி கூர்மையானது என்பதால் பிரெய்டை நேராக இரையில் கட்டுவதும் தவறு. நடுவில் 15 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் நைலான் லீடர், அதாவது முன்துண்டு நரம்பு, ஒன்றரை முழமாவது இருக்க வேண்டும். டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதை எல்லோரும் கை மதிப்பில் செய்கிறார்கள். நரம்பின் அறும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 9 கிலோ நரம்பு என்றால், பெட்டி எடை பார்க்கும் கையடக்கத் தராசைக் கொக்கியில் மாட்டி இழுக்கும்போது, இரண்டேகால் முதல் மூன்று கிலோவுக்குள் டிராக் நழுவத் தொடங்க வேண்டும். கை மதிப்பில் இறுக்கியவர்களின் டிராக்கை நான் இப்படி அளந்து பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் அதை நரம்பு அறுகிற அளவுக்கே இறுக்கி வைத்திருந்தார்கள்.

முடிச்சுக்கு வருவோம். வெள்ளெழுத்து வந்த கண்ணோடு, அதிகாலை அரை வெளிச்சத்தில், கரையில் நின்றபடி முடிச்சுப் போடுவதைப் போன்ற வீண் பிடிவாதம் வேறில்லை. வாசிப்புக் கண்ணாடியைத் தூண்டில் பையில் ஒன்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முந்தின இரவே நல்ல விளக்கடியில் உட்கார்ந்து ஆறு லீடர்களில் முள்ளும் சுவிவலும் கட்டி, தெர்மோகோல் அட்டையில் சுற்றி எடுத்துப் போகலாம். நான் இரண்டையும் செய்கிறேன். இறுக்குவதற்கு முன் முடிச்சை நனைக்காவிட்டால் நைலான் தன் மேலேயே உரசிச் சூடாகி, அந்த இடத்தில் பலம் இழக்கும். பிரெய்டு வழுக்கும் என்பதால் நைலானுக்குப் போடும் சாதாரணச் சுற்று முடிச்சு அதில் நிற்காது. நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சு நிற்கும், விரல் நடுக்கம் உள்ளவருக்கும் போட வரும். அதே வழுக்கல் காரணமாக, பிரெய்டை ரீலின் வெறும் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) சுற்றினால் மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் தானாகச் சுழலும். டிராக் பழுது என்று நினைத்து ரீலைப் பிரித்துப் போட்டவர்களை அறிவேன். அடியில் சில மீட்டர் நைலான் சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டைச் சுற்றினால் தீர்ந்தது. பாறையில் முள் மாட்டிக்கொண்டால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதை கிழியும். ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்களுக்கு அந்தக் கட்டையும் ஒரு மருந்துதான்.

முள்ளின் எண்களில் ஒரு குழப்பம் உண்டு. 1, 2, 4, 6 என எண் ஏற ஏற முள் சிறுக்கும். 1/0, 2/0 என்று பூஜ்யம் சேர்ந்தால் எண் ஏற ஏற முள் பெருக்கும். கெண்டைக்கு வாங்கப் போனவர் 6-க்குப் பதில் 6/0 வாங்கி வந்தால் ஊரே சிரிக்கும்.

ஈயத்தைப் பற்றி நம்மவர்கள் காட்டும் அலட்சியம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. பிளந்த ஈயக்குண்டுகளைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் இன்றும் கரையெங்கும் இருக்கிறது. ஈயம் நச்சு, பல்லுக்கும் கேடு, உடலுக்கும் கேடு. ஒரு சிறிய குறடு போதும். இதைவிட மோசமானது, பழைய பேட்டரித் தகட்டை வாங்கி வந்து, சமையலறை அடுப்பில் பழைய வாணலியில் உருக்கி, வீட்டிலேயே குண்டு வார்ப்பது. பொழுதும் போகும், காசும் மிச்சம் என்று தொடங்குகிறார்கள். ஈயத் தூசி வீட்டுக்குள் படிந்து, தரையில் தவழும் பேரக்குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பிரிட்டனில் அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி மடிந்ததால், ஏறக்குறைய 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளை 1987-இலேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே அத்தகைய தடை இல்லை என்றாலும், வார்ப்பு வேலையை விட்டுவிடுவதும், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

உப்புத் தண்ணீரில் போட்ட ரீலை வீட்டில் வாளிக்குள் முக்கி எடுப்பதும், வண்டி கழுவும் குழாயால் பீய்ச்சுவதும் ஒரே வகைத் தவறு: உப்பை வெளியே எடுப்பதற்குப் பதிலாக உள்ளே தள்ளுகின்றன. டிராக்கை இறுக்கி மூடி, மெல்லிய குழாய் நீரில் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்தி வைக்க வேண்டும்; இறுக்கியபடியே வைத்தால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்கி, அடுத்த முறை டிராக் விட்டுவிட்டு இழுக்கும். எண்ணெய் என்றதும் அடுப்படியில் இருக்கும் தேங்காயெண்ணெயை விடுகிறவர்கள் உண்டு. அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாளடைவில் பிசினாகவும் மாறும். மார்கழி விடியலில் ரீல் ஏன் கனக்கிறது என்று அப்புறம் வியப்பார்கள். நரம்பு உருளும் ரோலருக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும், பல்சக்கரங்களுக்கு கிரீஸ். ஈரமான இரையை உலர்ந்த முட்களோடு ஒரே பெட்டியில் போட்டால் ஒரு முள்ளின் துரு ஒரு வாரத்தில் பெட்டி முழுவதும் பரவும்.

ராடின் நீளம் பற்றி ஒரு சொல். கடற்கரையில் இளைஞர் பன்னிரண்டடி ராடை வீசுவதைப் பார்த்து அதையே வாங்குகிறவர், மூன்றாம் வாரத்தில் எலும்பு மருத்துவரிடம் இருப்பார். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போகும் உபாதை எளிதில் வரும். கழிமுகத்துக்கும் ஏரிக்கும் ஏழடி ராடு தாராளம். இரு துண்டு ராடை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைத்தால் இணைப்பு இறுகிவிடும்; அப்போது வளையங்களைப் பிடித்துத் திருகினால் வளையம்தான் பெயரும். இணைப்பில் முன்கூட்டியே மெழுகுவத்தியைத் தேய்த்து வைக்க வேண்டும். அப்படியும் இறுகினால், சற்றுக் குனிந்து, ராடை முழங்கால்களுக்குப் பின்னால் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மெல்ல வெளிப்பக்கம் அகட்டினால் கழன்று வரும். மூட்டுவலி உள்ளவர்கள் பேரனை அழைக்கலாம்.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏரிக்கரையை ஒட்டி மின்கம்பி போகும் இடத்தில் ராடை ஓங்குவதும், ஐப்பசி மாதத்து மாலையில் இடி கேட்ட பிறகும் ‘இன்னும் ஒரே ஒரு வீச்சு’ என்று நிற்பதும் உயிரோடு விளையாடுவது. சொந்த ஊர்க் கண்மாய்தானே என்று கேட்காமல் தூண்டில் போடுவதிலும் வம்பு உண்டு. பல ஊர்களில் மீன்பாசி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார், கேட்காமல் பிடித்தால் மரியாதை போகும். பறவைச் சரணாலய ஏரிகளில் இந்த எண்ணமே வேண்டாம்.

வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதும், தேளி மீனையும் இருங்கெளுத்தியையும் வெறுங்கையால் கழற்றுவதும் இந்த வயதில் கூடாது. நீள்மூக்குக் குறடு பையில் இருக்க வேண்டும். அந்த மீன்களின் நச்சு முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் நஞ்சின் வலி தணியும். ஆனால் சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய கைக்குச் சூடு தெரியாது. வேறொருவர் கைவிட்டுப் பார்த்த நீராக இருக்க வேண்டும், பிறகு மருத்துவரிடமும் போக வேண்டும். பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண் மீன்கள். பிறக்கும்போது ஆணாக இருந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் இனம் அது. ஆகவே அவற்றைத் திரும்ப விட்டுவிடுவது நல்லது; ஆனால் தண்ணீருக்கு வெளியே நீண்ட நேரம் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடுவதால் பயனில்லை.

நரம்பை மாற்றும் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நைலான் நரம்பு வெயிலில் வலுவிழக்கும், நீரையும் உறிஞ்சும். அதை மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். பிரெய்டோ வெளுத்துப்போனாலும் பலம் குறைவதில்லை. அதைத் தூக்கி எறிகிறார்கள். ஓய்வூதியத்தில் வாங்கிய பிரெய்டை முழுவதும் வெளியே எடுத்து, உள்ளே இருந்த முனை வெளியே வருமாறு திருப்பிச் சுற்றினால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வரும். கழித்த நைலானைக் கரையில் விட்டால் கொக்கின் காலில் சுற்றும். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வீட்டுக் குப்பையில் சேர்த்துவிட வேண்டும்.